என் பாட்டை அவள் கேட்ட வருஷம்

எனக்கு எழுபத்திரண்டு வயதாகிறது. பெற்றது நாலு, வளர்த்தது ஐந்து. அந்த ஐந்தாவது பிள்ளை யார் என்று பிறகு சொல்கிறேன். வயிற்றெரிச்சலை எடுத்ததும் கொட்டக் கூடாது.

பள்ளிக்கூடத்தில் நான் அதிக நாள் உட்காரவில்லை. பஸ்ஸில் போட்டிருக்கும் ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டி வாசிப்பேன், வாசித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும். கையெழுத்துப் போடத் தெரியும். அதற்கு மேல் கிடையாது. ஆனால் என் காது யாருடைய காதுக்கும் இளைத்தது இல்லை. ஒரு பாட்டை ஒரு தடவை கேட்டால் போதும், எந்த இடத்தில் தவில் நிற்கிறது, எந்த இடத்தில் பாடுகிறவள் மூச்சு வாங்குகிறாள், எல்லாம் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். இந்த வருஷம் வந்த பாட்டுகளில் எது பாட்டு, எது வெறும் சத்தம் என்று சொல்ல எங்கள் தெருவில் என்னை விட்டால் ஆள் இல்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

நான் சொல்லச் சொல்ல என் மகன் வயிற்றுப் பேத்தி எழுதுகிறாள். கல்லூரியில் படிக்கிற பிள்ளை. நான் வந்துச்சு என்று சொன்னால் அவள் வந்தது என்று எழுதிக்கொள்கிறாள். பரவாயில்லை. நாலு பேர் படிக்கப் போகிற இடத்துக்கு நல்ல சேலை கட்டிக்கொண்டு போவது போலத்தான் இதுவும். பேச்சு வருகிற இடத்தில் மட்டும் நாங்கள் பேசினபடியே எழுதச் சொல்லியிருக்கிறேன். என் ஓரகத்தி பேசின பேச்சை நல்ல சேலை கட்டிக் காட்ட எனக்கு மனசில்லை.

ஓரகத்தி என்றால் என் வீட்டுக்காரரின் தம்பி பெண்டாட்டி. என்னைவிட நாலு வயது இளையவள். திருநகரைத் தாண்டி, திருமங்கலம் ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி அண்ணனும் தம்பியும் சேர்ந்து இடம் வாங்கினார்கள். சேர்ந்தே வீடும் கட்டினார்கள். செலவு மிச்சம் என்று இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர் எழுப்பினார்கள். அந்த மனிதர்கள் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சுவர் இருக்கிறது. சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். அவள் அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் என் மருமகள் திரும்பிப் பார்ப்பாள். அவ்வளவு மெல்லிய சுவர்.

எனக்குப் படத்தின் பெயரெல்லாம் நிற்காது. பாட்டுக்கு நானே பெயர் வைத்துக்கொள்வேன். இந்த வருஷத்தில் எனக்கு முதல் பாட்டு, பஸ் பாட்டு.

தை மாதம், பெரிய மகளுக்குப் பொங்கல் சீர் கொடுக்க வாடிப்பட்டிக்குப் போனேன். என் ஓரகத்தியும் கூட வந்தாள். நான் கூப்பிடவில்லை. "அக்கா, தனியாவா போறீக? நானும் வாரேன்" என்று பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினோம். கரும்புக் கட்டைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ஜன்னலோரம் அவளுக்கு வேண்டுமாம், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பரவை வருவதற்குள் வாயைத் திறந்து போட்டுத் தூங்கிவிட்டாள். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவள் தூங்கினாள்.

சமயநல்லூர் தாண்டினதும் டிரைவர் அந்தப் பாட்டைப் போட்டார். ஒரு பெண் பாடுகிறாள். பெரிய குரல் இல்லை, பக்கத்து வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டே பாடுகிறவள் மாதிரி ஒரு குரல். பிறந்த வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறாள். பூட்டின பிறகு பூட்டை இழுத்து இழுத்துப் பார்க்கிறாள், அதுதான் பாட்டு. நடுவில் ஓர் இடத்தில் வாத்தியம் எல்லாம் நின்றுபோய்க் குரல் மட்டும் வரும். அந்த நேரம் பார்த்து பஸ் ஒரு வேகத்தடையில் ஏறி நின்று மெல்ல இறங்கியது. இன்ஜின் சத்தமும் அடங்கிவிட்டது. பஸ் முழுக்க அந்தக் குரல் ஒன்றுதான். என் கை தன்னால் கரும்பைப் பிடித்துக்கொண்டது.

கண்டக்டரைக் கூப்பிட்டேன்.

"ஏப்பா தம்பி, அந்தப் பாட்ட இன்னொரு தடவ போடச் சொல்லுப்பா."

"ஆத்தா, இது பஸ்ஸு. ஒன் வீட்டு டேப்பா?"

"வாடிப்பட்டி வரைக்கும் டிக்கெட் எடுத்திருக்கேன்ல? அதுக்குள்ள போடு."

டிரைவர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். போட்டார். இரண்டாம் தடவையும் கேட்டேன். அப்போதும் என் ஓரகத்தி தூங்கிக்கொண்டுதான் இருந்தாள். வாடிப்பட்டியில் இறங்கும்போது, "என்னக்கா, அதுக்குள்ள வந்துருச்சு?" என்று கண்ணைத் துடைத்தாள்.

அதனால் அது என் பாட்டு. நான் கண்டெடுத்த பாட்டு. துணி துவைக்கும்போது, முருங்கைக் கீரை உருவும்போது, சும்மா இருக்கும்போது எல்லாம் அதைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருப்பேன். அந்தக் குரல் நிற்கிற இடத்தைப் பற்றி அவளிடமும் வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறேன். சொன்னதுதான் தப்பு.

மாசி, பங்குனியில் பெரிதாக ஒன்றும் இல்லை. பேத்தி காதில் மாட்டுகிற ஒயரில் ஒன்றை என் காதில் மாட்டிவிட்டு ஒரு பையன் பாடினதைக் கேட்க வைத்தாள். மூக்கால் பாடினான். முதலில் சளி பிடித்திருக்கிறது என்று நினைத்தேன். நாலைந்து தடவை கேட்ட பிறகு அந்த மூக்கே அழகாக இருந்தது. மூக்குப் பாட்டு என்று பெயர் வைத்தேன். அதற்கும் இந்த வருஷக் கணக்கில் இடம் உண்டு.

சித்திரையில்தான் எனக்குச் சனி பிடித்தது.

அழகரைப் பார்க்கத் தல்லாகுளம் போயிருந்தோம். என் மகனுக்கு அங்கேதான் ஆபீஸ், நிழலில் நிற்க இடம் பிடித்துக் கொடுத்தான். அத்தனை கூட்டத்தில், பந்தலுக்குப் பந்தல் ஒரு மைக்செட், ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டு. நீர்மோர் கொடுக்கிற பந்தலில் ஒரு பாட்டு போட்டார்கள். யாரோ ஒருவன் கம்பை எடுத்துக்கொண்டு தகரக் கூரை எல்லாம் தட்டிக்கொண்டே ஓடுகிற மாதிரி ஆரம்பிக்கும். பிறகு நாலு பையன்கள் "ஏய்" என்று கத்துவார்கள். மறுபடி தகரம். நான் காதைப் பொத்திக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால் என் ஓரகத்தி, கையில் மோர் டம்ளர், தோளை ஆட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"என்னடி இது, அறுவத்தெட்டு வயசுல?"

"நல்லாருக்குல்லக்கா? கால் தன்னால ஆடுது."

"கால்ல எறும்பு கடிச்சாலும்தான் ஆடும்."

நீர்மோர் ஊற்றுகிற பையன்கள் எல்லாம் அவளைப் பார்த்துக் கை தட்டினார்கள். அவளுக்கு இன்னொரு டம்ளர் மோர். எனக்கு யாரும் கேட்கவில்லை.

வீடு வந்த பிறகும் அவள் விடவில்லை. அவள் மகனிடம் சொல்லி அந்தப் பாட்டைத் தேடி எடுக்க வைத்தாள். இப்போது அந்த ஐந்தாவது பிள்ளையைச் சொல்ல வேண்டிய இடம் வந்துவிட்டது.

அவளுடைய மூத்த மகன்தான் அது. அவனைப் பெற்றதும் அவள் மஞ்சள் காமாலை கண்டு எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். பால் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். என் கடைசிப் பிள்ளை அப்போது கைக்குழந்தை. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டையும் போட்டு நான்தான் வளர்த்தேன். அவள் தேறி எழுந்த பிறகும் அவன் என்னிடம்தான் தூங்குவான். இன்றைக்கு ஏசி மெக்கானிக். நல்ல பிள்ளை. என்னைப் பெரியம்மா என்பான். வாயால் பெரியம்மாதான், ஆனால் அம்மாவுக்கு என்ன வாங்கிக் கொடுத்தான் தெரியுமா? பானை அளவுக்கு ஒரு ஸ்பீக்கர். போனில் போட்டால் அதில் பாடும், ரேடியோவும் அதிலேயே எடுக்கும். அன்றைக்கே எனக்கும் ஒன்று வாங்கி வந்தான். முழங்கால் வலித் தைலம்.

"பெரியம்மா, நல்லாத் தேச்சு விடுங்க, சூடு பறக்கும்" என்றான்.

சூடு பறந்தது. தைலத்தால் இல்லை.

அன்று முதல் தகரப் பாட்டு சுவரைத் துளைத்துக்கொண்டு என் வீட்டுக்குள் குடிவந்துவிட்டது. காலையில் பால் காய்ச்சும்போது தகரம். மத்தியானம் கண்ணயரும்போது தகரம். என் ரேடியோ சின்னப் பெட்டி, ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது. அதை எவ்வளவு திருகினாலும் அந்தப் பானைக்கு ஈடு கொடுக்க முடியாது. சுவரைத் தட்டினால், "வாரேங்க்கா!" என்று ஓடி வருவாள். வந்தவளிடம் பாட்டைக் குறை என்று சொல்ல எனக்கு வாய் வராது. "சீனி இருக்கா?" என்று கேட்டுச் சமாளித்துவிடுவேன். எங்கள் வீட்டில் இந்த வருஷம் சீனிக்குக் குறைவே இல்லை.

இருந்தாலும் அதுவரை அது வெறும் எரிச்சல்தான். பொறாமை என்று சொல்ல மாட்டேன். பொறாமை ஆடி மாதம் வந்தது.

எங்கள் ஊர் எஃப்எம்மில் மத்தியானம் நேயர்கள் போன் போட்டுப் பாட்டுக் கேட்கிற நேரம் ஒன்று உண்டு. நான் அதை ஒரு நாளும் விட்டதில்லை. பஸ் பாட்டை என் வாயால் கேட்டு, ஊரே கேட்க அதைப் போட வைக்க வேண்டும் என்று தை மாதத்திலிருந்து எனக்கு ஓர் ஆசை. வேறு எதற்கும் நான் இப்படி ஆசைப்பட்டதில்லை. நகைக்கு ஆசைப்பட்டதில்லை. அந்தப் பாட்டைக் கண்டெடுத்தவள் நான் என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். பட்டன் போனில் அந்த நம்பரைப் பேத்தி பதிந்து கொடுத்திருந்தாள். தினமும் போடுவேன். கிடைக்காது.

ஆடியில் ஒரு மத்தியானம் கீரை உருவிக்கொண்டிருக்கிறேன். ரேடியோ ஓடுகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் என் ஓரகத்தி, "வணக்கம் தம்பி" என்கிறாள். யாரோ வந்திருக்கிறார்கள் போல என்று நினைத்தேன். ஒரு நொடி கழித்து என் ரேடியோ "வணக்கம் தம்பி" என்றது. அவள் குரல். சுவர் வழியாக முதலில், ரேடியோவில் பிறகு. ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு இரண்டு தடவை.

"அம்மா, கொரலு சின்னப் பொண்ணு மாதிரி இருக்கே!" என்கிறான் ரேடியோக்காரன்.

"போங்க தம்பி" என்று சிரிக்கிறாள் சுவரில். "போங்க தம்பி" என்று சிரிக்கிறாள் ஃப்ரிட்ஜ் மேல்.

தகரப் பாட்டைக் கேட்டாள். போட்டார்கள். கீரையோடு சேர்த்துக் காம்பையும் உருவிப் போட்டிருக்கிறேன், அன்றைக்குப் பொரியலில் எல்லோரும் துப்பினார்கள்.

அதன் பிறகு தெருவில் அவள் நடந்த நடையே வேறு. இட்லிமாவுக் கடையில், "ரேடியோவுல பேசுனது நீங்கதானாம்மா?" என்று கேட்டார்கள். பூக்காரி அவளுக்கு அளக்கும்போது முழத்தைத் தாராளமாகத் தள்ளி அளந்தாள். நான் நின்று பார்த்தேன். எனக்கு அளக்கும்போது அவள் கை சுருங்கிவிட்டது. அதற்கப்புறம் மாதம் ஒரு தடவையாவது அவளுக்கு லைன் கிடைத்தது. எப்படி என்று விசாரித்தேன். அவள் மகன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வரும்போது, கிடைக்கிற வரைக்கும் திரும்பத் திரும்ப அழுத்தி, லைன் கிடைத்ததும் அம்மா காதில் வைப்பானாம். நான் பால் கொடுத்து வளர்த்த பிள்ளை. சொல்ல வேறென்ன இருக்கிறது?

என்னிடம் வந்து, "பெரியம்மா, ஒங்களுக்கும் புடிச்சுத் தரட்டா?" என்று கேட்டான். கேட்காமல் இல்லை. "எனக்கு எதுக்குப்பா, நான் என்ன ரேடியோவுல பேசித்தான் பெரிய மனுசி ஆகணுமா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சொன்ன வாய்க்கு அன்றைக்கு இரண்டு வெற்றிலை போதவில்லை.

ஆனால் நான் போன் போடுவதை நிறுத்தவில்லை. மார்கழியில்தான் விவரம் தெரிந்தது. வருஷம் முடிகிற வாரத்தில் அந்த எஃப்எம்மில் ஒரு நாள் வைத்தார்கள். நேயர்கள் இந்த வருஷத்தில் தங்களுக்குப் பிடித்த ஒரே ஒரு பாட்டைச் சொல்ல வேண்டும். சொன்னதைப் போடுவார்கள், ஆனால் ஒரு பாட்டை அன்றைக்கு ஒரு தடவைதான் போடுவார்கள். அதற்கு முந்தின நாள் நான் வழக்கம்போல் போன் போடுவதைப் பேத்தி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பத்தா, என்ன பண்ற நீ?"

"போன் போடுறேன்."

"ஒரு ரிங் போனதும் கட் பண்ணிட்டியே!"

"ஆமா. மிஸ்டு கால் குடுத்தாச்சு. கூப்புடுவாங்க."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாள், நிறுத்தவே இல்லை.

"வருஷம் பூராம் ரேடியோ ஸ்டேசனுக்கு மிஸ்டு காலா குடுத்துக்கிட்டு இருந்த?"

இதில் சிரிக்க என்ன இருக்கிறது? பிள்ளைகள் திருப்பூர், கோயம்புத்தூர் என்று வேலைக்குப் போன நாளிலிருந்து நான் அப்படித்தான் பழகியிருக்கிறேன். ஒரு மணி அடிக்க விட்டு வைத்துவிடுவேன். அம்மா தேடுகிறாள் என்று தெரிந்ததும் அவர்கள் கூப்பிடுவார்கள். கூப்பிடாமல் இருந்த பிள்ளை ஒன்றுகூட இல்லை. நான் கூப்பிட்டு, எடுக்கிற வரைக்கும் காதில் வைத்துக்கொண்டு காத்துக் கிடக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. நான் இருக்கிறேன் என்று தெரியப்படுத்துவேன், அவர்கள்தான் கூப்பிட வேண்டும். ரேடியோவில் இருப்பதும் யாரோ பெற்ற பிள்ளைகள்தானே?

"அவங்க கூப்பிட மாட்டாங்க அப்பத்தா. நீதான் வெயிட் பண்ணணும்" என்றாள். அன்று பூராவும் எனக்குப் பாடம் நடத்தினாள். எடுக்கிற வரை வைக்கக் கூடாது. பிஸி என்றால் மறுபடி அழுத்த வேண்டும். போடுகிறதற்கு முன்னாலேயே நம் ரேடியோவை அமர்த்திவிட வேண்டும், இல்லாவிட்டால் 'கூ' என்று இரைச்சல் வரும், அவர்களே வைத்துவிடுவார்கள். படத்தின் பெயரை என் வாயில் ஏற்றினாள்.

அன்று சாயங்காலம் மாடியில் துணி எடுக்கும்போது என் ஓரகத்தி அந்தப் பக்கக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டாள்.

"அக்கா, நாளைக்கு நீங்க என்ன பாட்டுக் கேக்கப் போறீக?"

"நான் எதுக்குடி கேக்கணும்? எனக்கென்ன வெளம்பரமா வேணும்?"

"அப்ப நீங்க கேக்கலையா?"

"இல்ல."

அவள் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் மத்தியானம் வீட்டில் யாரும் இல்லை. மகன் ஆபீஸில், பேத்தி கல்லூரியில், மருமகள் அவள் அம்மா வீட்டில். ரேடியோவை அமர்த்தினேன். சுவர் வழியாக அவளுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று போனை எடுத்துக்கொண்டு தெருவாசலுக்குப் போனேன், தெருச் சத்தத்தில் உள்ளே நடப்பது எதுவும் அங்கே கேட்காது. அழுத்தினேன். பிஸி. மறுபடி அழுத்தினேன். எத்தனை தடவை என்று தெரியவில்லை, பெருவிரல் சிவந்துவிட்டது. கடைசியில் மணி போனது. ஒரு மணி அடித்ததும் விரல் தன்னால் சிவப்புப் பட்டனுக்குப் போகிறது. கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டேன். ஏதோ வாத்தியம் ஓடியது, காத்திருக்கச் சொன்னது. காத்திருந்தேன். பெற்ற பிள்ளைகளுக்குக்கூட இப்படிக் காத்திருந்ததில்லை. கை வலித்தது. வைத்துவிடலாம், போனால் போகிறது பாட்டு என்று நினைத்தேன். பூக்காரியின் முழத்தை நினைத்துக்கொண்டேன். வைக்கவில்லை.

"வணக்கம்மா! எங்கருந்து பேசுறீங்க?"

"வீட்டுலருந்து."

சிரித்தான். "வீடு எங்கம்மா இருக்கு?"

"திருநகர் தாண்டி."

"அட, இப்பத்தான் திருநகர் பக்கத்துலருந்து ஒரு அம்மா பேசுனாங்க! சாப்ட்டீங்களாம்மா? என்ன கொழம்பு?"

"பாட்டுக் கேக்கத்தான தம்பி கூப்ட்டேன், கொழம்ப எதுக்குக் கேக்குறீக?"

"அதுவும் சரிதான். சொல்லுங்கம்மா, இந்த வருசம் ஒங்களுக்குப் புடிச்ச ஒரே ஒரு பாட்டு?"

படத்தின் பெயரைப் பிசகாமல் சொன்னேன். முதல் வரியைப் பாடியும் காட்டினேன். வருஷம் பூராவும் முணுமுணுத்த வரி, நன்றாகவே வந்தது.

"அருமையாப் பாடுறீங்கம்மா! ஆனா பாருங்க, அந்தப் பாட்ட இப்பத்தான் போட்டு முடிச்சோம். ஒங்க திருநகர் அம்மாதான் கேட்டாங்க. நீங்க கேக்கலையா?"

"நீங்கதான ரேடியோவ அமத்தச் சொல்றீக!"

"அய்யோ ஆமாம்மா. சரி, வேற ஒரு பாட்டு சொல்லுங்க. சட்டுனு சொல்லுங்கம்மா, நெறையப் பேரு காத்திருக்காங்க."

எனக்குக் காது அடைத்துவிட்டது. அவள். தூங்கினவள். பரவையிலிருந்து வாடிப்பட்டி வரை வாயைத் திறந்து தூங்கினவள், என் பாட்டைக் கேட்டிருக்கிறாள். வேறு பாட்டு என்று தேடினால் உள்ளே ஒன்றுமே இல்லை. மூக்குப் பாட்டு வரவில்லை. ஆடியில் கோயில் மைக்செட்டில் கேட்ட அம்மன் பாட்டு வரவில்லை. எல்லாம் எங்கேயோ ஓடி ஒளிந்துகொண்டது. சித்திரையிலிருந்து சுவர் வழியாக என் மண்டைக்குள் ஏறி உட்கார்ந்திருந்தது ஒன்றுதான் இருந்தது. என் வாய் தன்னால் அதைச் சொல்லிவிட்டது.

"அந்தத் தகரத்தத் தட்டுற பாட்டு."

"எது, 'ஏய்'னு கத்துவாங்களே, அதாம்மா?"

"அதான்" என்றேன். எழுபத்திரண்டு வயதில், ஊரே கேட்க.

போனை வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன். ரேடியோவைப் போடவில்லை. போடத் தேவையும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பானை அலற ஆரம்பித்தது. முதல் தடவையாகத் தகரப் பாட்டை முழுசாக, காதைப் பொத்தாமல் கேட்டேன். பாட்டு முடிகிறதற்குள் கொல்லை வாசல் வழியாக அவள் ஓடி வந்தாள். கண் கலங்கியிருக்கிறது, கையில் ஒரு கிண்ணம்.

"அக்கா! எனக்காகவா கேட்டீக?"

நான் அவள் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தேன்.

"அந்தப் பாட்டு வந்தாலே ஒங்களுக்கு ஆகாதே! இம்புட்டு நேரம் போன வச்சுக்கிட்டு, எனக்காகப் போயி... அக்கா, ஒரு வா பாயசம் குடிங்க."

"ம்" என்றேன். அந்த 'ம்' என் வாயிலிருந்துதான் வந்தது.

"நானும் ஒங்களுக்காகத்தான்க்கா கேட்டேன். நெதம் நீங்க பட்டனத் தட்டுறது செவுத்துல கேக்கும். லைன் கெடைக்கல போலன்னு நெனச்சுக்குவேன். நேத்து நீங்க கேக்கலன்னு சொன்னீகளா, அதான், அந்தப் பாட்டு இந்த வருசம் வராமலே போயிருமோன்னு நான் கேட்டுட்டேன். எங்க அக்கா பாட்டுன்னு சொல்லித்தான் கேட்டேன். கேட்டீகள்ல?"

"கேட்டேன்" என்றேன்.

எங்கே கேட்டேன்? ரேடியோ அமர்ந்துகிடந்தது. அவள் அப்படிச் சொன்னாளா, சொல்லவில்லையா, எனக்குத் தெரியாது. கேட்டேன் என்று சொல்லிவிட்டதால் இனி யாரிடமும் போய் விசாரிக்கவும் முடியாது. மறுநாள் பூக்காரி, "ரெண்டு பேரும் ஆளுக்காளு மாத்தி மாத்திப் பாட்டுக் கேட்டீகளாமே! ஓரகத்தின்னா இப்படியில்ல இருக்கணும்" என்று எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி அளந்தாள். நான் வீட்டுக்கு வந்து சாமி படத்துக்குப் போட்டுப் பார்த்தேன். என்னுடையது கொஞ்சம் குட்டைதான்.

நினைத்துப் பாருங்கள். அவள் சொன்னது நிஜம் என்றால், அவள் வேண்டுமென்றே எனக்காகச் செய்தாள். நான் வாய் தவறி அவளுக்குச் செய்தேன். லைன் கிடைப்பதில் முந்தினாள், சரி. ஸ்பீக்கரில் முந்தினாள், சரி. நல்லவளாக இருப்பதிலும் அவளே முந்திக்கொண்டால் நான் எங்கே போவது? அவள் சொன்னது பொய் என்றாலும் எனக்கு நிம்மதிதான். ஆனால் அவள் பொய் சொல்லத் தெரிந்தவள் இல்லை. அதுவும் ஒரு வயிற்றெரிச்சல்.

பாட்டுக் கேட்ட அன்றைக்குச் சாயங்காலமே நான் வளர்த்த பிள்ளை வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "பெரியம்மா, கலக்கிட்டீங்க" என்றான். "அம்மா மத்தியானத்துலருந்து சிரிச்சுக்கிட்டே இருக்கு." அவன் முகத்தைப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் என்னைப் பார்த்து அவன் அப்படி முகம் மலர்ந்து நான் பார்த்ததில்லை. அது வாய் தவறி வந்த பாட்டப்பா என்று சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை. "முழங்காலுக்கு அந்தத் தைலம் தீந்து போச்சு" என்றேன்.

அதனால்தான் இதை எழுதி வைக்கச் சொன்னேன். இந்த வருஷத்தில் எனக்குப் பிடித்த பாட்டு பஸ் பாட்டு. தை மாதம், சமயநல்லூர் தாண்டி, வேகத்தடைக்கு மேல் வைத்து அதைக் கண்டெடுத்தவள் நான். ரேடியோவில் யார் கேட்டிருந்தாலும் அது என் பாட்டுதான். அடுத்து மூக்குப் பாட்டு. அதற்கடுத்து ஆடி மாத அம்மன் பாட்டு, அதில் அந்த உடுக்கை மட்டும். தகரப் பாட்டில் ஒரே ஓர் இடம் இருக்கிறது. தகரம் சட்டென்று நிற்கும், "ஏய்" என்று கத்துகிற பையன்களில் ஒருவன் அடக்க முடியாமல் சிரித்துவிடுவான், பிறகு மறுபடி தகரம். காதைப் பொத்திக்கொண்டே இருந்ததால் எனக்கு அது இத்தனை நாள் தெரியவில்லை. அந்த இடம் நன்றாக இருக்கிறது. கடைசியில் அதையும் ஒரு ஓரமாகப் போட்டுக்கொள். அவளிடம் இதைச் சொல்ல மாட்டேன்.

எழுதினது எழுதினபடி கிடக்கட்டும். அவளுக்கும் எழுத்து என்னைப் போலத்தான், கூட்டிக் கூட்டி வாசிப்பதற்குள் பஸ் போய்விடும். ஆபத்து காகிதத்தில் இல்லை, சுவரில்தான் இருக்கிறது.

எழுதி முடிச்சாச்சாடி பேத்தி? எங்க, மொதல்லருந்து வாசி பாப்போம். அவ பஸ்ஸுல தூங்குனா பாரு, அந்த எடத்த நல்லா ஓங்கி வாசி, அந்தப் பக்கம் கேக்கட்டும். எனக்கு லைன் கெடச்ச எடம் வந்ததும் சத்தத்தக் கொறச்சுக்க.